வாக்குவோலுக்கு ‘உட்பை’: ஒரு முன்மொழிவு

நண்பர்களே,

செல்லின் உள்ளுறுப்புகளுக்கு நாம் தொகுக்கும் தமிழ்க் கலைச்சொற்களின் பட்டியலில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. உட்கரு, பசுங்கணிகம், செல் சுவர் மூன்றிலும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இழைமணியா மைட்டோகாண்ட்ரியாவா என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். செல், கலம், உயிரணு என்ற பழைய வழக்கையும் இப்போது இழுக்க வேண்டாம், இங்கே செல் என்றே எழுதுகிறேன். எனக்கு இன்று வேண்டியது வாக்குவோலுக்கு (vacuole), அதாவது செல்லுக்குள் சவ்வால் சூழப்பட்ட பை போன்ற உறுப்புக்கு, ஒரு நல்ல சொல். மூன்று நாளாக இது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதுவரை வந்தவை மூன்று: இலங்கைப் பாடநூல்களில் உள்ள புன்வெற்றிடம், இங்கே சிலர் எழுதும் நுண்குமிழ், போன வாரம் ஐயா முன்வைத்த சாற்றுப்பை. வாக்குவோல் என்றே விட்டுவிடலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புன்வெற்றிடம் என்று பெயர் வைத்தவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. மூலச்சொல் லத்தீனில் ‘வெறுமை’ என்ற வேரிலிருந்து வந்தது, அதை அப்படியே தமிழில் தந்திருக்கிறார். கோளாறு மூலச்சொல்லிலேயே இருக்கிறது. 1776இல் ஸ்பல்லன்சானி என்ற இத்தாலியர் நீரில் வாழும் ஒருசெல் உயிரிகளுக்குள் விரிந்து சுருங்கும் நட்சத்திர வடிவங்களைக் கண்டு, அவை மூச்சு உறுப்புகள் என்று நினைத்தார். 1841இல் பிரான்சின் துஜார்டின் அதே வடிவங்களுக்குத்தான் வாக்குவோல் என்று பெயரிட்டார். மறு ஆண்டே ஜெர்மானியத் தாவரவியலாளர் ஷ்லைடன் அந்தப் பெயரைத் தாவரச் செல்லில் சாறு நிரம்பிய பகுதிக்குக் கொண்டுவந்து ஒட்டினார். அன்றைய நுண்ணோக்கியில் அந்த இடம் தெளிவாக, ஒன்றுமே இல்லாததுபோலத் தெரிந்தது. ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒன்றும் இல்லை என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் படிப்பவனுக்கு அந்த லத்தீன் வேர் காதில் விழாது, அது அவனுக்கு வெறும் ஒலி. நமக்கு ‘வெற்றிடம்’ என்றால் உடனே பொருள் விளங்கிவிடும், விளங்குவது தப்பான பொருள். இயற்பியல் வகுப்பில் காற்றே இல்லாத இடத்தை வெற்றிடம் என்று படித்துவிட்டு அடுத்த மணி உயிரியல் வகுப்புக்கு வரும் பிள்ளை வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய பெரிய ஆய்வகம் வேண்டாம். ரியோ என்ற அழகுச் செடியின் இலையில் அடிப்புறத் தோலை மெல்லிய சீவலாக உரித்து, ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு செல்லும் மூலைக்கு மூலை ஊதா நிறமாக இருக்கும். இப்போது கண்ணாடி வில்லையின் ஓரத்தில் உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் மை ஒற்றும் தாளால் உறிஞ்சுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதா நிறம் மூலைகளை விட்டு விலகத் தொடங்கும். விலக விலக நிறம் அடர்த்தியாகும், கடைசியில் செல்லின் நடுவே ஒரு கருஊதா உருண்டையாகத் திரண்டு நிற்கும், சுவர் மட்டும் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கும். மறுபடி நல்ல நீர் விட்டால் உருண்டை மெல்ல உப்பி மூலைகளை நிரப்பும். அந்த ஊதா முழுக்க வாக்குவோலுக்குள் கரைந்திருக்கும் நிறமி. செல்லின் கூழ்போன்ற பகுதியான சைட்டோபிளாசம் அதற்கும் சுவருக்கும் இடையே நிறமற்ற மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்கிறது, அவ்வளவுதான். இதை ஒருமுறை பார்த்தவர் அந்த உறுப்பை வெற்றிடம் என்று கூப்பிட மாட்டார்.

நிறமி மட்டும் என்றில்லை. பீட்ரூட்டின் சிவப்பு இதற்குள்தான் இருக்கிறது. எலுமிச்சையின் சாற்றுச் செல்களில் சைட்டோபிளாசம் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்க, அதே செல்லின் வாக்குவோல் பி.எச். 2.5 வரை புளித்துக் கிடக்கிறது. அதன் சவ்வில் உள்ள புரதங்கள் ஆற்றலைச் செலவழித்து புரோட்டான்களை ஓயாமல் உள்ளே இறைப்பதால்தான் இந்த வேறுபாடு நிலைக்கிறது. சேம்பின் காம்பை நறுக்கினால் கை அரிக்கிறதே, அந்தக் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் விளைவதும் சில சிறப்புச் செல்களின் வாக்குவோலில்தான். விதைகளில் புரதம் சேமிப்பதும் இது, இரவில் கார்பன் டை ஆக்சைடை வாங்கி மாலிக் அமிலமாக வைத்துக்கொள்ளும் கற்றாழை வகைச் செடிகளுக்கு விடியும்வரை அந்த அமிலத்தைக் காப்பதும் இது.

அப்புறம் அழுத்தம். இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. முதிர்ந்த தாவரச் செல்லில் பெரும்பாலும் 80 முதல் 90 விழுக்காடு இடம் ஒரே ஒரு வாக்குவோலுக்குப் போகிறது. இவ்வளவு இடத்தைத் தண்ணீருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? சைட்டோபிளாசம் விலை கூடியது, அதில் புரதம் அதிகம், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும், மண்ணில் நைட்ரஜன் எளிதில் கிடைப்பதில்லை. தண்ணீரும் கொஞ்சம் உப்பும் மலிவு. தாவரம் அந்த மலிவான பொருளை நடுவில் நிரப்பிச் செல்லைப் பெரிதாக்கிவிட்டு, விலை கூடியதை ஓரத்தில் மெல்லப் பூசிக்கொள்கிறது. பசுங்கணிகங்களும் இதனால் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, ஒளிக்கும் காற்றுக்கும் பக்கத்தில் போய் உட்கார்கின்றன. உள்ளே கரைபொருள் அதிகம் என்பதால் நீர் தானாக நுழைகிறது, வாக்குவோல் உப்பிச் சுவரை நெட்டித் தள்ளுகிறது. அந்த அழுத்தம் காரின் சக்கரத்தில் அடைக்கும் காற்றைவிடப் பல செல்களில் அதிகம். மரக்கட்டை இல்லாத சிறு செடி நிமிர்ந்து நிற்பது இதனால்தான். அழுத்தம் குறைந்தால் தலை தொங்கிவிடும். தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு அடியில் உள்ள செல்கள் தொட்டவுடன் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே விட, நீரும் பின்னாலேயே போய்விடுகிறது, இலை மடிகிறது.

விலங்குச் செல்லால் இப்படிச் செய்ய முடியாது, அதற்குச் சுவர் இல்லை. சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். அதே நீரில் தாவரச் செல் விறைத்து நிற்கும், அவ்வளவுதான். பள்ளிப் பாடத்தில் ‘தாவரச் செல்லில் சுவர் உண்டு, பெரிய வாக்குவோல் உண்டு, விலங்குச் செல்லில் இரண்டும் இல்லை’ என்று இரண்டு தனி வேறுபாடுகளாக அட்டவணை போடுகிறோம். உண்மையில் அது ஒரே ஏற்பாட்டின் இரண்டு பாதிகள்: ஒன்று தள்ளுகிறது, மற்றது தாங்குகிறது. விலங்குச் செல்லில் வாக்குவோல் அடியோடு இல்லை என்பதும் சரியில்லை. பல செல்களில் சிறிதாக, தேவைக்கு வந்து போவதாக இருக்கிறது.

சரி, நுண்குமிழுக்கு வருகிறேன். செல்லில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்துக்கொண்டிருப்பதை ‘நுண்’ என்பது பொருந்தவில்லை. நமீபியாக் கடலோரச் சேற்றில் கண்டெடுத்து 1999இல் அறிவிக்கப்பட்ட தியோமார்கரிட்டா என்ற பாக்டீரியம் வெறும் கண்ணுக்கே தெரியும், முக்கால் மில்லிமீட்டர் வரை வளரும், அந்த உடம்பில் ஏறக்குறைய முழுவதும் நைட்ரேட் நிரம்பிய ஒரே வாக்குவோல்தான். ‘குமிழ்’ என்றதும் காற்று நினைவுக்கு வருவது இன்னொரு குறை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, குமிழ் என்ற சொல் வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. செல்லுக்குள் பொருள்களைப் பொதிந்து அனுப்பும் கோல்கி என்ற உறுப்பிலிருந்து கிள்ளிப் பிரிந்து சரக்கை ஏற்றிக்கொண்டு செல்லுக்குள் ஓடுகின்றனவே வெசிக்கிள்கள், அவைதான் உண்மையில் நுண்ணியவை, குமிழ்போலத் தோன்றி மறைபவை. நுண்குமிழை அவற்றுக்குக் கொடுத்துவிடுவோம், அங்கே அது கச்சிதமாக உட்காரும்.

சாற்றுப்பை அழகான சொல், ஐயா. நானே முதலில் அதற்குத்தான் கைதூக்கினேன். செல்சாறு என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் தாவரச் செல்லுக்கு அது போதும். ஆனால் தாவரத்தை விட்டு வெளியே வந்தால் தட்டுகிறது. பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரியில் இருப்பது சாறு வைக்கும் பை இல்லை, உள்ளே புகுந்துவிட்ட நீரைத் தொடர்ந்து வெளியேற்றும் உறுப்பு. அமீபா விழுங்கிய இரையைச் சுற்றி உண்டாவதிலும் சாறு இல்லை. மலேரியாக் கிருமி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைச் செரிப்பதும் இப்படியொரு பைக்குள்தான். ஈஸ்டில் இன்னொரு கதை. ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, கழிவுக் கிடங்கு என்று பலர் ஒதுக்கியிருந்த ஈஸ்ட் வாக்குவோலையே விடாமல் கவனித்து வந்தவர். சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைப் பட்டினி போட்டபோது, சில மணி நேரத்தில் அந்தப் பைக்குள் சிறு உருண்டைகள் குவிந்து துள்ளுவதைக் கண்டார். செல் தன் பாகங்களையே பொட்டலம் கட்டி உள்ளே அனுப்புகிறது, சிதைக்க ஆளில்லாததால் அவை தேங்கிவிட்டன. தன்னுண்ணல் பற்றிய அவருடைய ஆய்வுக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. இதையும் சாறு என்ற சொல்லுக்குள் அடைக்க முடியவில்லை. உள்ளே இருப்பதை வைத்துப் பெயரிட்டால் ஒவ்வொரு உயிரிக்கும் பெயரை மாற்ற வேண்டிவரும்.

ஆனால் ஐயா பிடித்த ‘பை’யை விடக்கூடாது. இரைப்பை, கருப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை, பூவில் மகரந்தப்பை என்று, உடலுக்குள் எதையாவது வாங்கி வைத்துக்கொள்ளும் உறுப்பைத் தமிழ் ஏற்கெனவே பை என்றுதான் அழைக்கிறது. முன்னால் என்ன சேர்ப்பது என்பதில்தான் எனக்கு நேரம் போனது. இலங்கை நண்பர்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று, செல்லுக்கு அவர்கள் சொல்லும் கலத்தைச் சேர்த்தேன், கலப்பை என்று ஏர் வந்து நின்றது. அகத்தைச் சேர்த்தால் அகப்பை. தேக்கிவைக்கும் பை என்ற பொருளில் தேக்குபை என்று வினைத்தொகையாக எழுதிப் பார்த்தேன், பொருள் நன்றாகவே இருக்கிறது. இலக்கணப்படி அங்கே ஒற்று மிகாது, ஆனால் பாதிப் பேர் பழக்கத்தில் ‘ப்’ போட்டுவிடுவார்கள், போட்டால் சொல்லின் பின்பாதியில் குப்பை தெரியும். ஓர் ஒற்றுப்பிழைக்கே தாங்காத சொல்லை மாணவர்கள் கையில் கொடுக்கக் கூடாது.

கடைசியில் கண்முன்னே இருந்தது உட்கரு. உள்+கரு உட்கரு என்றால், உள்+பை உட்பை. உட்பிரிவு, உட்பொருள், உட்பகை என்று இந்தப் புணர்ச்சி நாக்குக்கு நன்கு பழகியது, யாரும் தப்பாக எழுதப்போவதில்லை. உள்ளே சாறா, நீரா, இரையா, நைட்ரேட்டா என்று சொல் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரிதா சிறிதா என்பதும் அதில் இல்லை. தாவரச் செல்லின் நடுவே இருப்பது மைய உட்பை, பாரமீசியத்தில் சுருங்கும் உட்பை, அமீபாவில் உணவு உட்பை, விதையில் புரத உட்பை என்று அடைமொழி தடையில்லாமல் சேர்கிறது. சாற்றுப்பையையும் முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. சிறு வகுப்புகளில் தாவரச் செல்லை மட்டும் பேசும்போது விளக்கச் சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

வரக்கூடிய மறுப்புகள் சில எனக்கே தெரிகின்றன. லைசோசோமும் உள்ளே இருக்கும் பைதானே என்று அக்கா கேட்பார். ஆமாம், உறவு இருக்கத்தான் செய்கிறது. விலங்குச் செல்லில் லைசோசோம் பார்க்கும் சிதைக்கும் வேலையில் பெரும்பங்கைத் தாவரத்திலும் ஈஸ்டிலும் இந்த உட்பைதான் பார்க்கிறது, ஆகவே லைசோசோமுக்குத் தமிழ் தேடும்போது செரிபை போன்ற ஒன்று வந்தால் இரண்டின் உறவு பெயரிலேயே தெரியும். சட்டையின் உட்பை என்று குழப்பம் வருமே என்றால், செல் பற்றிய பாடத்தில் சட்டை வராது. உண்மையில் தொந்தரவு தருவது நீலப்பச்சைப் பாசிகளின் வளி வாக்குவோல் ஒன்றுதான். அது கொழுப்புச் சவ்வால் ஆன பையே இல்லை, புரதச் சுவர் கொண்ட வெற்று உருளைகளின் கட்டு, உள்ளே இருப்பது காற்று. அதை உட்பை என்று அழைக்க வேண்டாம், வளிக்குமிழ்க் கட்டு என்று தனியாக எழுதலாம். ஆங்கிலம் ஒரே பெயரில் கட்டிவைத்ததை நாமும் ஒரே பெயரில் கட்டவேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

வாக்குவோல் என்றே இருக்கட்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் பெயரை நான் அப்படியே ஏற்கிறேன், அதற்கு நல்ல தமிழ் எனக்குத் தோன்றவில்லை, வலிந்து செய்தால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். இங்கே நிலைமை வேறு. நம் மொழியில் உடலுறுப்புகளுக்கு வழங்கும் ஒரு சொல்லே, பார்த்ததும் வேலை விளங்குகிறமாதிரி, தயாராகக் கிடைக்கிறது.

மீதி இருப்பது உட்பையைச் சுற்றியுள்ள சவ்வு. 1885இல் டச்சுத் தாவரவியலாளர் ஹ்யூகோ டி விரீஸ் அதற்கு டோனோபிளாஸ்ட் என்று பெயரிட்டார், விறைப்பு என்ற பொருளில். இதற்கு உட்பை உறை என்று யாரோ எழுதியிருந்தீர்கள். உட்கரு உறையில் ‘உறை’ இரட்டைச் சவ்வைக் குறிக்கப் பயன்படுகிறது, உட்பைக்கு இருப்பதோ ஒற்றைச் சவ்வு. அதனால் உட்பைச் சவ்வு என்று வைத்துக்கொண்டு, உறையை இரட்டைச் சவ்வு உள்ளவற்றுக்கு மட்டும் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். பசுங்கணிகத்துக்கும் அப்போது உறை என்றே வரும். உட்பை, உட்பைச் சவ்வு இரண்டையும் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.