பள்ளிக்கு எதிர் மாடியில் செல்போன் டவர்: உங்கள் ஊரில் என்ன நடந்தது?

கடைவீதிக்காரன், திருப்பூர்:

எங்கள் வீதியில் மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, ரெண்டு பேக்கரி, நடுவில் ஒரு நர்சரிப் பள்ளி. பள்ளிக்கு எதிரே ஒரு பழைய ரெண்டு மாடிக் கட்டடம். அதன் மொட்டை மாடிக்குக் கிரேனில் இரும்புக் கம்பங்கள் ஏறியபோது விளம்பரப் பலகை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வெல்டிங் வைக்க வந்த பையன்தான் "டவருங்ண்ணா" என்று உடைத்தான்.

மறுநாள் குழந்தையை விட வந்த பெற்றோர் பள்ளி வாசலை விட்டு நகரவில்லை. புற்றுநோய், ஞாபக மறதி, காணாமல்போன சிட்டுக்குருவி என்று வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் ஒரே மனுவில் ஏறியது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம். வந்த பதில் நாலே வரி: கதிர்வீச்சு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் பொறுப்பு, வரம்புக்குள் இருந்தால் நாங்கள் தடுப்பதற்கில்லை.

வக்கீலிடம் போனோம். 2012-ல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனைகளில் இருந்த டவர்களை அகற்றச் சொன்னது, 2017-ல் குவாலியரில் ஒரு டவரை நிறுத்தச் சொல்லி உச்சநீதிமன்றமே உத்தரவிட்டது, இரண்டையும் காட்டலாம் என்றார். "ஆனா கேரள உயர்நீதிமன்றம் 2006-லயே, ஆதாரமில்லாத பயத்துக்காக டவரைத் தடுக்க முடியாதுன்னு சொல்லிருச்சு. அவங்க அதைத்தான் நீட்டுவாங்க." அப்புறம்தான் கேட்டார்: "அந்தக் கட்டடம் எத்தனை வருசப் பழசுங்க?"

அதுவரை எங்களில் ஒருத்தரும் கட்டடத்தைப் பார்க்கவேயில்லை. கீழே இருக்கும் துணிக்கடையில் மழைக்காலம் முழுக்க வாளி வைத்திருப்பார்கள். கூரையில் பூச்சு உதிர்ந்து கம்பி துருவேறித் தெரியும். எதிர் பேக்கரி மாடியிலிருந்து பார்த்தால், கம்பங்களில் ஒன்று தூணுக்கு மேல் நிற்கவில்லை, கைப்பிடிச் சுவரை ஒட்டி வெறும் தளத்தில் போல்ட் போட்டிருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டோம்.

2022-ல் விதியைத் திருத்தியபிறகு தனியார் கட்டடத்தில் டவர் வைக்க உள்ளாட்சியின் அனுமதியே வேண்டாம், எழுத்தில் தகவல் கொடுத்தால் போதும். ஆனால் கட்டடம் பாரம் தாங்கும் என்ற பொறியாளர் சான்றை அதோடு இணைத்தாக வேண்டும். அந்தச் சான்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினோம். அதில் ஒரு மாடி குறைவு! ஆள் நேரில் வந்து பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மனுவைத் திருத்தி எழுதினோம். கதிர்வீச்சு என்ற சொல்லே அதில் இல்லை. புதுச் சான்று வரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கம்பங்கள் இன்னும் மாடியில் படுத்துக் கிடக்கின்றன. கம்பெனிக்காரர்கள் இப்போது அடுத்த வீதியில் இடம் பார்க்கிறார்களாம். அந்த வீதிக்காரர்கள் நேற்று வந்து மனுவின் நகலைக் கேட்டார்கள்.

டவர் ஏறியவன்:

நான் ஆன்டெனா மாட்டும் வேலையில் இருந்தவன். விளக்குமாற்றோடு துரத்தப்பட்ட அனுபவம் உண்டு, அதனால் கோபப்படாமல் சொல்கிறேன். டவருக்கு நேர் கீழே அலை குறைவு. ஆன்டெனா கிட்டத்தட்ட படுக்கைவாக்கில்தான் அடிக்கும், கொஞ்சம் கீழே சாய்த்திருப்போம், அவ்வளவுதான். அதனால் எதிரே அதே உயரத்தில் பக்கத்திலேயே மாடி இருந்தால் அதைத்தான் கவனிக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் அளவு கால்வாசியாகிவிடும்.

நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட். எல்லோரும் பிடித்துக்கொள்ளும் அந்த 2011 அறிக்கை இருக்கிறதே, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்டது, அதில் ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்ததற்கு முக்கியக் காரணம் போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர்கள் பற்றிய ஆய்வுகள். சிக்னல் இல்லாத இடத்தில் போன் இன்னும் பலமாகக் கத்தும். மனுக் கொடுத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நாகர்கோவில் அம்மா:

அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம். எங்கள் தெருவில் டவர் வந்தே விட்டது, பிள்ளைகள் டியூஷன் படிக்கும் வீட்டுக்கு அடுத்த மாடி. பயம் சொல்லித் தீரவில்லை என்பதால் நாலைந்து வீட்டுக்காரர்கள் பணம் போட்டு, டவர் கதிர்வீச்சுக்கென்று தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் 4000 ரூபாயும் வரியும் கட்டினோம். துறை ஆட்கள் வந்து முக்காலியில் கருவியை வைத்து அளந்தார்கள். டியூஷன் அறையில் மிகக் குறைவு. எங்கள் மொட்டை மாடியில், துணி காயப்போடும் இடத்தில், கொஞ்சம் கூடுதல். இரண்டுமே வரம்புக்கு ரொம்பக் கீழே. அன்றைக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கினேன், என் மாமியார் தூங்கவில்லை.

ஆனால் டவரின் ஜெனரேட்டர்! கரண்ட் போனால் போதும், டியூஷன் வீட்டு ஜன்னலுக்கு நேராகப் புகை. பரீட்சை சமயத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கணக்குப் போட்டார்கள். வெள்ளைச் சட்டைக் காலரில் கரி. டவரைப் பற்றி மாதக்கணக்கில் பேசினோம், இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மனுக் கொடுத்தபிறகு சத்தம் குறைக்கும் கூண்டு போட்டு, புகைக்குழாயைக் கூரைக்கு மேல் ஏற்றினார்கள்.

சேலத்தான்:

நீங்கள் டவர் வேண்டாம் என்கிறீர்கள், எங்கள் மாமா வேண்டும் என்று ஏமாந்தார். காலி மனைக்கு மாத வாடகை, முன்பணம் எல்லாம் உண்டு என்று குறுஞ்செய்தி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தந்ததாக முத்திரை போட்ட தடையில்லாச் சான்று வேறு. வரி என்று கொஞ்சம், பதிவுக் கட்டணம் என்று கொஞ்சம் கட்டினார், அதோடு அந்த எண் அணைந்தது. டிராய் அப்படி எந்தச் சான்றும் கொடுப்பதில்லை என்று அவர்களே பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

கடைவீதிக்காரன், திருப்பூர்:

அக்கா, ஜெனரேட்டருக்கு யாரிடம் மனுக் கொடுத்தீங்க? எங்க பிளானில் அதைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் காட்டியிருக்காங்க, பள்ளி ஜன்னலுக்கு நேரா.

நாகர்கோவில் அம்மா:

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தோம் தம்பி, நகல் மாநகராட்சி ஆணையருக்கு. புகை வரும்போது வீடியோ எடுத்து இணைத்தோம். உங்களுக்கு இன்னும் வரவில்லையே, பிளானின் நகலை இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் எழுந்து வராதீர்கள்.