செட்டிநாட்டுக்குக் காரில் போகிறவர்களுக்கு

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக வந்தால் காரைக்குடிக்கு முன்னாலேயே திருமயம் கோட்டை கண்ணில் பட்டுவிடும். முக்கால்வாசிப் பேர் ரோட்டோரமாக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஏறிப் பாருங்கள். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி 1687-இல் கட்டியது. பாதி வழியில் பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம் இருக்கிறது. இரும்பு ஏணியைப் பிடித்து ஏற வேண்டும், அம்மா கீழேயே நின்று கும்பிட்டுக்கொண்டார். அடிவாரத்தில் அதே குன்றைக் குடைந்து சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், பாறையும் கொதிக்கும். அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

அப்புறம் கானாடுகாத்தான். தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள், பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுத் திண்ணையில் காவலுக்கு இருந்த பெரியவரிடம், "உள்ளே பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டோம். "இது பல புள்ளி வீடு தம்பி. பங்காளிங்க எல்லாம் வெளியூர்ல இருக்காங்க. முகப்பு வரைக்கும் வேணா வாங்க" என்றார். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு அறை, அதற்குத் தனித்தனிப் பூட்டு. விற்பதென்றாலும் ஓடு மாற்றுவதென்றாலும் அத்தனை பேரும் ஒத்துவர வேண்டும். வீடுகள் ஏன் இப்படி நிற்கின்றன என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்குப் புரிந்தது.

முகப்புச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. பளிங்கு மாதிரி வழவழவென்று, அந்த வெயிலிலும் குளுகுளுவென்று இருந்தது. தூண்கள் பர்மா தேக்கு. "கல்யாணம்னா எங்க இருந்தாலும் இங்க வந்துடுவாங்க. அன்னைக்கு வந்து பாருங்க இந்த வீட்டை" என்றார். கிளம்பும்போது கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

பங்காளிகளுக்குள் ஒத்துவராத வீடுகளைப் பிரித்துப் போட்டு விற்பதும் நடக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வேலைப்பாடு செய்த நிலைக்கதவுகள் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. எனாமல் தூக்கு ஒன்று வாங்கினேன். கதவுக்கு விலை கேட்கவே மனசு வரவில்லை.

இன்னொருவர் எழுதியது:

நாங்கள் பிள்ளைகளோடு போனதால் ஆத்தங்குடியில்தான் நேரம் நன்றாகப் போயிற்று. பூக்கல் என்கிற பூப்போட்ட தரைக்கல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சிமெண்ட் கலந்த வண்ணக் கரைசலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் மேலே காய்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீர்த் தொட்டியில் ஊறுவதோடு சரி. அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. என் மகளிடம் கரண்டியைக் கொடுத்து, "மெதுவா ஊத்து பாப்பா, பூ கலைஞ்சிடும்" என்றார் அந்த அண்ணன். அவள் ஊற்றிய கல்லில் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகிவிட்டன. சிரித்துக்கொண்டே ஓரமாக வைத்தார்.

பிள்ளையார்பட்டியில் கூட்டம் தாங்கவில்லை. நிதானமாகச் சிற்பம் பார்க்க வேண்டுமென்றால் இரணியூர் போங்கள். அங்கே இருப்பதும் நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், ஒன்பது கோயில்களில் ஒன்றுதான். ஒவ்வொரு தூணாக நின்று பார்க்கலாம், யாரும் "நகருங்க, நகருங்க" என்று விரட்டமாட்டார்கள்.