பப்ளிசிட்டி, புரோமோஷன்: இரண்டுக்கும் விளம்பரம்தானா?

வணக்கம்.

'பப்ளிசிட்டி, புரோமோஷன் என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் தமிழில் விளம்பரம் என்றே போட்டுவிடலாம்' என்று நேற்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. காசு கொடுத்து இடம் வாங்கிச் சொல்வது விளம்பரம். அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு வேலை போதும்.

இங்கே சிங்கப்பூரில் கேம்பல் லேன் பக்கம் ஓர் உணவகத்துக்கு அவ்வப்போது துண்டறிக்கை மொழிபெயர்த்துக் கொடுப்பேன். கல்லாவுக்குப் பின்னால், கடையைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஒரு வெள்ளி (டாலர்) செலவில்லை. தோசையைப் புகழ்ந்த கையோடு, 'சட்னிதான் கொஞ்சம் தண்ணீர்' என்றும் எழுதிவிட்டார் நிருபர். முதலாளியால் என்ன செய்ய முடியும்? அது பப்ளிசிட்டி. கண்ணாடிக் கதவில் 'இரண்டு தோசைக்கு ஒரு காப்பி இலவசம்' என்று ஒட்டியிருப்பது புரோமோஷன். தேதியிலிருந்து எழுத்தின் நிறம் வரை எல்லாம் முதலாளி சொன்னபடி.

ஆனால் வணிகப் பாடத்தில் புரோமோஷன் இதைவிடப் பெரியது. 1960இல் அமெரிக்கச் சந்தையியல் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்த நான்கு 'பி'களில் (பிராடக்ட், பிரைஸ், பிளேஸ், புரோமோஷன்) அதுவும் ஒன்று. விளம்பரம், நேரடி விற்பனை, தள்ளுபடி, பப்ளிசிட்டி எல்லாமே அதற்குள் அடக்கம். இலவசக் காப்பி அதில் ஒரு கிளைதான். அதற்கு 'விற்பனை ஊக்குவிப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மொத்தத்துக்கும் ஒரு சொல் வேண்டுமே. இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் (ஹெல்த் புரோமோஷன் போர்டு) பெயரில் புரோமோஷனுக்கு 'மேம்பாடு' என்று இருக்கிறது. உடல்நலத்துக்குச் சரி, 'தோசை மேம்பாடு' என்றால் மாவை மாற்றிவிட்டார்கள் என்றல்லவா நினைப்பார்கள்! 'சந்தை முன்னெடுப்பு' என்கிறேன். லத்தீன் மூலச்சொல்லுக்கும் முன்னே நகர்த்துவது என்றுதான் பொருள்.

பப்ளிசிட்டிக்கு முதலில் 'அலர்', அதாவது காதலரைப் பற்றி ஊரார் பேசும் பேச்சு, நினைவுக்கு வந்தது. குறளின் 115ஆம் அதிகாரத்தில் ஊரார் பேச்சே காதலுக்கு எருவாகிறது, கருத்து கச்சிதம். ஆனால் வங்கியின் ஆண்டறிக்கையில் 'அலர்' என்று எழுத எனக்குத் துணிவில்லை. அப்புறம்தான் பழமொழி கைகொடுத்தது: உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. பேசுவது பிறர், கடிவாளம் நம் கையில் இல்லை. அதனால் 'ஊர்ப்பேச்சு'. 'கடைக்கு நல்ல ஊர்ப்பேச்சு', 'கெட்ட ஊர்ப்பேச்சு' இரண்டும் நாக்கில் ஒட்டுகின்றன.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. சங்கங்களில் பப்ளிசிட்டி செயலாளர் என்று ஒருவர் இருப்பாரே, அவரை 'ஊர்ப்பேச்சுச் செயலாளர்' என்றால் யாரும் பதவிக்கு வரமாட்டார்கள். அங்கே மட்டும் 'செய்திப்பரவல்' என்று வைக்கலாமா?