அம்மாச்சி வீடு குழு: காப்பி பழுக்கிற மாசம் வாங்க

கார்த்திக் (சென்னை), காலை 7:10
எல்லாருக்கும் வணக்கம். மே லீவுக்கு இந்த முறை குமுளி வரலாம் என்று இருக்கிறோம். காப்பித் தோட்டத்துக்குள்ளேயே தங்கிச் சுற்றிப் பார்க்கிற பேக்கேஜ் ஒன்று பார்த்தேன். இரண்டு இரவு, மூன்று பகல். முருகேஸ்வரி சித்தி, நல்லதா என்று சொல்லுங்கள்.

சுதா, 7:14
பிள்ளைகளுக்குக் காப்பிக்கொட்டை எதில் காய்க்கும் என்றே தெரியாது. சின்னவள் கொடியில் காய்க்கும் என்கிறாள், சித்தி.

பாண்டி மாமா (கம்பம்), 7:20
தாராளமா வா மாப்ளை. ஆனால் மே மாசம் செடியில் என்ன இருக்கும்? அக்கா சொல்லட்டும்.

முருகேஸ்வரி சித்தி (குமுளி), 9:35
இப்போதுதான் உட்கார்ந்தேன். கார்த்தி, மே மாசம் வந்தால் மிளகு அளவுக்குப் பச்சைப் பிஞ்சுதான் இருக்கும். எங்கள் பக்கம் பெரும்பாலும் ரோபஸ்டா என்கிற காப்பி வகை. மார்கழியில் சிவக்க ஆரம்பித்தால் தை முழுக்கப் பழம் எடுப்புதான்.

கார்த்திக், 9:37
பேக்கேஜ் படத்தில் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பழம் இருக்கிறதே?

முருகேஸ்வரி சித்தி, 9:38
அது தை மாசத்துப் படம்ப்பா.

முருகேஸ்வரி சித்தி, 9:41
[படம்]
இது போன வாரம் நம் வீட்டுப் பின்னால் எடுத்தது. ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கும். கிளை தெரியாது, வெள்ளையாக இருக்கும். வாசனை மல்லிகைப்பூ மாதிரி. மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். மழை எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும்? பூவை நம்பி டிக்கெட் போட முடியாது. பழத்தை நம்பிப் போடலாம்.

தனம் அக்கா (பெங்களூரு), 10:02
கார்த்தி, நாங்கள் போன வருஷம் ஓரிடத்தில் பட்டதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தோட்டம் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூட்டிப் போனார்கள். இருபது நிமிஷம், நாலு காப்பிச் செடி, ஒரு ஏலக்காய்த் தூர். மிச்சம் ஒரு மணி நேரமும் கடையில்தான். சொந்தத் தோட்டத்துத் தூள் என்று அரைக் கிலோ கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் போட்டுப் பார்த்தேன். காப்பித்தூள் மிதக்கும். காப்பியோடு கலக்கிற சிக்கரி வேர்த்தூள் உடனே இறங்கும், இறங்கும்போது பழுப்புக் கோடு விடும். பாதிக்குக் கிட்ட இறங்கிவிட்டது.

சுதா, 10:15
அக்கா, நானும் இப்போது வீட்டுத் தூளைப் போட்டுப் பார்த்தேன். கோடு கோடாக இறங்குகிறது! பொட்டலத்தைத் திருப்பினால் சிக்கரி 40 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கிறது.

தனம் அக்கா, 10:19
அது சரி, அவர்கள் சொல்லித்தான் விற்கிறார்கள். 49 சதவீதம் வரை சேர்க்கலாம், எவ்வளவு என்று அச்சிட வேண்டும். எனக்கும் டிகாக்‌ஷனில் கொஞ்சம் சிக்கரி இருந்தால் பிடிக்கும். சொல்லாமல் தோட்டத்துக் காப்பி என்று கொடுத்ததுதான் மனசு விட்டுப் போயிற்று.

கார்த்திக், 10:24
அப்போ ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்கு போகலாமா? ஆபீஸில் ஒருவர் ரொம்பச் சொல்கிறார்.

தனம் அக்கா, 10:31
அரக்கு அருமையான இடம். விசாகப்பட்டினத்திலிருந்து ரயில் குகை குகையாக நுழைந்து மலை ஏறும். ஆதிவாசிகள் வளர்க்கிறது அராபிகா, இன்னொரு காப்பி வகை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கூர்க், சிக்மகளூர், பாபாபுதன்கிரி அராபிகாவுக்கும் வயநாடு ரோபஸ்டாவுக்கும் சேர்த்து. ஆனால் அங்கேயும் பழம் பார்க்க நவம்பர் முதல் ஜனவரிக்குள் போக வேண்டும். எந்த மலைக்குப் போனாலும் மே லீவு காப்பிக்கு ஆகாது.

பாண்டி மாமா, 12:50
மாப்ளை, நான் ஒன்று சொல்கிறேன். பழம் எடுக்கிற நாளில் காலை ஆறு மணிக்கு என் ஜீப் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறும். உள்ளே இருக்கிற பொம்பளைகள் எல்லாரும் நம் ஊர்க்காரர்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்திலேயே முப்பது வருஷம் பழம் எடுத்த அம்மா தமிழில் நின்றுகொண்டிருப்பார், அவரிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நீ வந்தால் அவர்களிடம் கேள். ஒரு கிலோவுக்கு என்ன கூலி என்பதையும் கேள்.

முருகேஸ்வரி சித்தி, 1:12
தம்பி சொல்வது சத்தியம். அம்மாவும் அப்படித்தான் நின்றது.

முருகேஸ்வரி சித்தி, 1:20
பேக்கேஜ் வேண்டாம் கார்த்தி. தைக்கு நம் வீட்டுக்கே வா. அரை ஏக்கர்தான், ஆனால் முழுசாகப் பார்க்கலாம். பழத்தை ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். கொத்தோடு உருவினால் அடுத்த வருஷம் பூக்கிற கண் போய்விடும். பழத்தைப் பிதுக்கினால் வழவழவென்று இரண்டு கொட்டை, தட்டைப் பக்கம் ஒட்டி இருக்கும். மேல்சதை இனிக்கும், பிள்ளைகள் சப்பிப் பார்க்கட்டும். சிலதில் ஒரே கொட்டை உருண்டையாக இருக்கும், அதுதான் பீபெரி. எடுத்ததைக் களத்தில் பரப்பி இரண்டு மூன்று வாரம் கிண்டிக் கிண்டிக் காயவைப்போம். காதோரம் ஆட்டினால் கலகலவென்று கேட்க வேண்டும். அப்படித் தோலோடு காய்ந்த பழத்தை மலையாளத்தில் உண்டக்காப்பி என்பார்கள். கொஞ்சம் முன்கூட்டியே காயவைத்து, தோல் நீக்கி வைக்கிறேன். இரும்புச் சட்டியில் நாமே வறுக்கலாம்.

சுதா, 1:26
எத்தனை கிலோ எடுத்தால் ஒரு கிலோ கொட்டை வரும், சித்தி?

முருகேஸ்வரி சித்தி, 1:29
ஏறத்தாழ ஐந்து கிலோ பழம். வறுத்தால் இன்னும் எடை குறையும். ஒரு டம்ளர் காப்பிக்கு எத்தனை பழம் என்று பெரியவனைக் கணக்குப் போடச் சொல்.

கார்த்திக், 1:40
முடிவாயிற்று. பொங்கலுக்கு வருகிறோம். போடி ரயில் 2023-இலிருந்து வாரம் மூன்று நாள் இருக்கிறது, தேனியில் இறங்கிக்கொள்கிறோம். 60 நாளுக்கு முன்னால்தான் டிக்கெட் திறக்கும், நவம்பரில் நானே போடுகிறேன்.

பாண்டி மாமா, 1:44
தேனிக்கு ஜீப்போடு வந்துவிடுகிறேன். ஜனவரி 15 பென்னிகுவிக் ஐயா பிறந்தநாள். லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் கும்பிட்டுவிட்டு மலை ஏறுவோம். இந்தப் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது என்றால் அவர் 1895-இல் முடித்த முல்லைப் பெரியாறு அணையால்தான். பிள்ளைகளுக்கு அதுவும் தெரியட்டும்.

முருகேஸ்வரி சித்தி, 1:50
முழுக்கைச் சட்டை எடுத்து வாங்க. செடியில் முசுறு எறும்பு இருக்கும், கடித்தால் தீயாக எரியும்.

முருகேஸ்வரி சித்தி, 2:05
[குரல் செய்தி 0:18]
அம்மா பேசியது சரியாகக் கேட்காது, எழுதுகிறேன்: “இடுப்பில் கட்டுகிற பழப் பை இரண்டு பேருக்கும் நானே தைத்து வைக்கிறேன். சின்னவளுக்கு இடுப்பு எத்தனை அங்குலம்?”

சுதா, 2:07
21, அம்மாச்சி.