மைஎஸ்கியூஎல் 8.0-லிருந்து மரியாடிபிக்கு: டேட்டா ஃபோல்டரை அப்படியே தூக்கி வைக்கலாமா?

மண்டபம் கரை:
விசைப்படகு மீன் வரத்துக் கணக்கு மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸ்ல ஓடுது. புது சர்வர் டெபியன் 12 லினக்ஸ், அதோட வர்ற டேட்டாபேஸ் மரியாடிபி 10.11. ரெண்டும் ஒரே வேர்தானே, ஃபோல்டரை காப்பி பண்ணினா போதாதா? ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துல முடிச்சாகணும்.

தொண்டி சர்வர்:
ஃபோல்டர் ஓடவே ஓடாது. 2009-ல், மைஎஸ்கியூஎல்லை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான விடேனியஸ் அதைப் பிரிச்சு மரியாடிபி தொடங்கினார். 5.5 வரைக்கும் ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வைக்கலாம். மரியாடிபி 10.0-லிருந்து பாதை வேற. மைஎஸ்கியூஎல் 8.0 டேபிள் விவரத்தை, டேட்டாவைச் சேமிக்கிற இன்னோடிபி எஞ்சினுக்குள்ளயே வச்சிருக்கு; மரியாடிபி இன்னும் அந்த விவரத்துக்கு டேபிளுக்கு ஒண்ணா தனி எஃப்ஆர்எம் ஃபைலைத் தேடும்.

மைஎஸ்கியூஎல்டம்ப் கருவியால டேட்டா முழுசையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா (டம்ப்) எடுங்க, சிங்கிள்-டிரான்சாக்‌ஷன், ரொட்டீன்ஸ், ஈவன்ட்ஸ் மூணு ஆப்ஷனும் சேர்த்து. உங்க டேட்டாபேஸ் மட்டும் போதும், 'மைஎஸ்கியூஎல்' சிஸ்டம் டேட்டாபேஸ் வேண்டாம். 8.0-ல் இயல்பா இருக்கிற கேச்சிங் ஷா2 பாஸ்வேர்டு முறை 10.11-க்குத் தெரியாது, அதனால யூசர்களைப் புதுசா உருவாக்கணும். ஏத்தும்போது பிழை 1273 வந்தா காரணம் 0900 கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடுற விதி). டம்ப் ஃபைல்ல அதை யூனிகோட் 520 சிஐ-ன்னு மாத்திருங்க.

கீழக்கரை:
அங்கதான் ஒரு குழி இருக்கு. 0900 வகை கடைசி இடைவெளியையும் எழுத்தாக எண்ணும். 520 சிஐ அதைக் கண்டுக்காது. படகுப் பதிவு எண் யூனிக்காக இருந்து, அதே எண் இன்னொரு வரிசையில பின்னாடி ஸ்பேஸோட விழுந்திருந்தா 1062 டூப்ளிகேட்னு நிக்கும். 520 நோபேட் சிஐ போடுங்க, மரியாடிபியில இருக்கு.

ஜேசன் வகை காலம் (column) இருந்தா அதையும் பாருங்க. மரியாடிபியில அது வெறும் லாங்டெக்ஸ்ட், அதாவது நீள எழுத்து வகை. '->' அம்புக்குறி வேலை செய்யாது; கோடுல அது வர்ற இடமெல்லாம் ஜேசன்_எக்ஸ்ட்ராக்ட்னு எழுதணும். '->>' வந்தா அதோட ஜேசன்_அன்கோட்டும் சேரணும்.

தொண்டி சர்வர்:
நோபேட் சரிதான், நான் விட்டுட்டேன்.

மண்டபம் கரை:
அம்புக்குறி நாப்பது இடத்துல இருக்கு, காக்கா.

கீழக்கரை:
அப்ப மரியாடிபிக்குப் போகாதீங்க. மைஎஸ்கியூஎல்லை வெளியிடுற ஆரக்கிளோட ரெபோவிலிருந்து மைஎஸ்கியூஎல் 8.4 போடுங்க, தம்பி. 8.0-க்கான ஆதரவு 2026 ஏப்ரலோட சரி, 8.4 நீண்டகால ஆதரவுப் பதிப்பு. பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறை அதுல இயல்பா முடக்கியிருக்கும். அப்படிப்பட்ட யூசர்களை முதல்ல கேச்சிங் ஷா2-க்கு மாத்திட்டு அப்கிரேடைத் தொடங்குங்க.