ஆறடி உப்புநீர்த் தொட்டி: எந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

பேட்டைக்காரன்:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நன்னீர் மீன் பன்னிரண்டு வருடமாக வளர்க்கிறேன், உப்புநீருக்கு இதுதான் முதல் தடவை. வீட்டில் தரைத்தளத்திலேயே ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரத்தில் தொட்டி வைத்தாயிற்று. கீழே இருக்கும் சம்ப்பையும் (வடிகட்டும் தொட்டி) சேர்த்தால் ஆயிரம் லிட்டருக்குப் பக்கத்தில் வரும். செயற்கைப் பாறை அடுக்கி சைக்கிள் (கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர் வளர்கிற கட்டம்) ஓடி ஏழு வாரம் ஆகிறது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 10, உப்புநீரின் அடர்த்தி 1.025. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) போட்டு 26 டிகிரியில் நிற்கிறது. இன்னும் ஒரு மீன்கூட விடவில்லை.

நான் ஆசைப்பட்டு எழுதி வைத்திருப்பது இதெல்லாம்: க்ளவுன் ஒரு ஜோடி, மஞ்சள் டாங், பவுடர் ப்ளூ டாங், டோரி, பச்சைக் குரோமிஸ் ஏழெட்டு, காப்பர்பேண்ட் பட்டர்ஃப்ளை, மாண்டரின், எம்பரர் ஏஞ்சல் ஒன்று, லயன்ஃபிஷ் ஒன்று. பவளத்தில் முதலில் சோவாந்தஸ், லெதர், ஹாமர். ஒரு வருடம் கழித்து அக்ரோபோரா வைக்க ஆசை. கடையில் கேட்டால் பெரிய தொட்டிதானே, எல்லாம் ஒத்துப்போகும் என்கிறார்கள். தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் நாலு டோமினோ டாம்சல் விடச் சொல்கிறார்கள், விலையும் குறைவு. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்குக் க்ளவுனும் டோரியும் கட்டாயம் வேண்டும். மற்றதில் எதை எடுக்கலாம், எதை விடலாம், எந்த வரிசையில் விடலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாளைநீலம்:

தம்பி, முதலில் அந்த டோமினோவை வாங்காதீர்கள். அம்மோனியா பூஜ்யம் என்று சோதனையில் தெரிந்த பிறகு தண்ணீரைப் பார்க்க மீன் எதற்கு?

என் கதையைச் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு கடையில் சொல்லி மூன்று டோமினோ வாங்கினேன். கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு, பார்க்க அவ்வளவு அழகு. ஒரு வருடத்துக்குள் ஒன்று மற்ற இரண்டையும் முடித்துவிட்டு உள்ளங்கையில் பாதி அளவுக்கு வளர்ந்து நின்றது. பொட்டும் மங்கிப்போச்சு. அதன்பிறகு ஒரு ஃபயர்ஃபிஷ் விட்டேன், மூன்று நாள் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குப் பின்னாலேயே ஒண்டிக்கிடந்தது, வால் கிழிந்திருந்தது, நாலாம் நாள் காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. சரி, அந்த டோமினோவைப் பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் வலையைக் கண்டாலே பாறைக்குள் போய்விடும். பாட்டிலில் பொறி வைத்துப் பார்த்தேன், மற்ற மீனெல்லாம் விழுந்தது, அது விழவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து பாறை முழுவதையும் ஒவ்வொன்றாக வாளியில் எடுத்து வைத்து, தண்ணீரை டிரம்மில் இறக்கி, நாலு விரல்கடை ஆழம் மிச்சம் இருக்கும்போதுதான் பிடித்தேன். சாயங்காலம் ஆறு மணி ஆச்சு. அதற்குள் இரண்டு வருடம் வளர்த்த ஹாமர் பவளத்தின் ஒரு கிளை உடைந்து, பத்து நாளில் அந்தத் தலை கரைந்து போனது.

அதனால் நான் இப்போது எந்த மீனைப் பார்த்தாலும் அழகைப் பார்ப்பதில்லை. இது தப்பாகப் போனால் என்னால் இதை வெளியே எடுக்க முடியுமா என்றுதான் பார்க்கிறேன். நன்னீர்த் தொட்டியில் நமக்கு அந்தக் கவலை இல்லை, வலையை விட்டால் வந்துவிடும். பாறையும் பவளமும் ஒட்டின தொட்டியில் விட்ட மீன் விட்டதுதான்.

உங்கள் பட்டியலில் லயன்ஃபிஷ் பவளத்தைத் தொடாது, ஆனால் வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும், குரோமிஸ் எல்லாம் அதற்குத் தீனிதான், இறால் வைத்தால் அதுவும் போச்சு. எம்பரர் ஏஞ்சல் ஓரடிக்கு மேல் வளரும், சோவாந்தஸையும் ஹாமரையும் கொத்தும். பவளம் வைக்கிற தொட்டிக்கு அது வேண்டாம். ஏஞ்சல் வேண்டியேதான் ஆகும் என்றால் கோரல் பியூட்டி மாதிரி குள்ள வகை இருக்கிறது, ஆனால் அதிலும் உத்தரவாதம் கிடையாது, ஒன்று வருடக்கணக்கில் பவளத்தைத் தொடாது, இன்னொன்று ஒரே வாரத்தில் ஆரம்பித்துவிடும்.

க்ளவுனில் ஒசெல்லாரிஸ் ஒரு ஜோடி போதும். பெரிதும் சின்னதுமாக இரண்டு எடுங்கள். இதில் எல்லாம் முதலில் ஆணாகத்தான் இருக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும், அதனால் ஆணா பெண்ணா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். மூன்றாவதாக ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் அதை இருக்கவிடாது. மரூன் க்ளவுன் வேண்டவே வேண்டாம், பொல்லாதது. அப்புறம் க்ளவுனுக்கு அனிமோன் (கடலில் அது குடியிருக்கும் கொட்டும் உயிரி) இருந்தே ஆகவேண்டும் என்று இல்லை. தொட்டிக்கு ஒரு வருடமாவது ஆகாமல் அனிமோன் வைத்தால் அது இடம் தேடி நடந்துபோய் வேவ் மேக்கரில் (அலை எழுப்பும் கருவி) சிக்கும், போகிற வழியில் பவளத்தையும் சுடும்.

குரோமிஸ் ஏழெட்டு விட்டால் கூட்டமாகச் சுற்றும் என்று நினைத்துத்தான் நானும் விட்டேன். மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்து இரண்டில் நிற்கிறது. அவைகளுக்குள்ளேயே ஒன்றை ஒன்று விரட்டும்.

மாண்டரின் யாரையும் தொந்தரவு செய்யாது, அது பட்டினியில்தான் சாகும். பாறையில் ஊர்கிற கோபிபாட் என்ற பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. ஏழு வாரத் தொட்டியில் அது எங்கே இருக்கும்? ஒரு வருடம் போகட்டும். அதுவரை சிக்ஸ்லைன் ராஸ் வாங்காதீர்கள், அதுவும் அதே பூச்சியைத்தான் தின்னும், வளர வளரக் குணமும் கெடும்.

அம்பை_தாமிரம்:

தம்பி, பாளைநீலம் அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. டாங் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் பவுடர் ப்ளூவால் மொத்தத் தொட்டியையும் இழக்கப் பார்த்தவள் நான்.

அந்த மீனைப் போல அழகான நீலம் வேறு எதிலும் கிடையாது, எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளைப்புள்ளி நோய் முதலில் பிடிப்பது அதைத்தான். நான் தனித்தொட்டியில் வைக்காமல் நேராக விட்டேன். ஆறு வாரம் ஜம்மென்று இருந்தது. சித்திரை மாதத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய், சில்லர் நின்று, விடியும்போது தண்ணீர் 31 டிகிரி. இரண்டாம் நாள் பார்த்தால் துடுப்பில் ரவை தூவினாற்போல் புள்ளி. ஐந்தாம் நாள் பவுடர் ப்ளூ போய்விட்டது, அதற்குள் டோரிக்கும் மஞ்சள் டாங்குக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிருமி மீன் உடம்பிலிருந்து உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, அங்கிருந்து நூற்றுக்கணக்கில் வெடித்து நீந்தி வந்து மறுபடியும் மீனில் ஏறும். புள்ளி மறைந்துவிட்டது என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது அது மணலில்தான் இருக்கும். தாமிர மருந்து கேட்கும், ஆனால் பவளம் உள்ள தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக்கூடாது, இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துவிடும். மிச்ச மீன்களை எல்லாம் பிடித்துத் தனித்தொட்டியில் வைத்து மருந்து கொடுத்து, பெரிய தொட்டியை மீனே இல்லாமல் 76 நாள் சும்மா ஓடவிட்டேன். வெறும் பாறையையும் பவளத்தையும் பார்த்துக்கொண்டு இரண்டரை மாதம்.

ஆகையால் எந்த மீன் வாங்குவதற்கு முன்னாலும் ஒரு இரண்டரை அடித் தொட்டி வாங்குங்கள். மணல் வேண்டாம், பாறை வேண்டாம், இரண்டும் மருந்தை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பிவிசி பைப் நாலு துண்டு, ஹீட்டர் ஒன்று, அவ்வளவுதான். புது மீன் எதுவாக இருந்தாலும் ஒரு மாதம் அங்கே. தாமிரம் போடுவதானால் அளக்கிற கிட் இல்லாமல் போடாதீர்கள்.

மஞ்சள் டாங்கும் டோரியும் ஆறடித் தொட்டியில் சேர்ந்து இருக்கும், உடல்வாகு வேறு வேறு. ஒரே சாயல் உள்ள இரண்டு டாங்தான் அடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே நாளில் விடுங்கள், அதுவும் கடைசியாக. முதலில் விட்ட டாங் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும், பிறகு வருகிறதை வாலில் இருக்கும் கத்தியால் கிழிக்கும். டோரி ஓரடி வரை வளரும் மீன், உங்கள் தொட்டி அதற்குக் குறைந்தபட்சம்தான் என்பதை மனதில் வையுங்கள். தினமும் நோரி (காய்ந்த கடற்பாசி) இலையை க்ளிப்பில் மாட்டுங்கள், வயிறு நிறைந்த டாங் பாதிச் சண்டையை விட்டுவிடும்.

குரோமிஸுக்குப் பதில் கூட்டமாக வேண்டுமென்றால் லைர்டெயில் ஆந்தியாஸ், ஒரு ஆண், நாலைந்து பெண். ஆனால் அதற்கு நாளைக்கு மூன்று வேளையாவது கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போக வேண்டும், வீட்டில் பகலில் ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். தொட்டிக்கு மேல் வலை அடியுங்கள், ராஸும் ஃபயர்ஃபிஷும் குதிக்காமல் விடாது. பேட்டரி ஏர் பம்ப் இரண்டு வாங்கி வையுங்கள், நம் ஊர்க் கோடைக்கு அது அரிசி பருப்பு மாதிரி.

உவரிக்கரை:

நான் தொட்டி வைத்திருப்பது மூன்றடிதான், ஆனால் வீடு கடற்கரையில். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

பவுடர் ப்ளூவை விட்டுவிட்டு வேறு என்ன என்று யோசித்தால் ஃபாக்ஸ்ஃபேஸ் ஒன்று பாருங்கள். எங்கள் வலையில் வருகிற ஓரா மீன் இருக்கிறதே, அதே சாதி. பாறையில் வளர்கிற பாசியை நாள் முழுவதும் மேயும், தானாகச் சண்டைக்குப் போகாது, மற்ற மீனும் அதன் வழிக்கு வராது, காரணம் முள். அப்பா ஒருமுறை வலை பிரிக்கும்போது ஓரா முள் விரலில் ஏறி, கை முழங்கை வரை வீங்கி, பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை முக்கி வைத்த பிறகுதான் வலி இறங்கியது. ஃபாக்ஸ்ஃபேஸுக்கும் அதே விஷ முள்தான். தொட்டிக்குள் கை விடும்போது அது எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு விடுங்கள், மகளைக் கை விட விடாதீர்கள். பசியோடு விட்டால் சோவாந்தஸைக் கடித்துப் பார்க்கும், அதற்கும் நோரி வேண்டும். யாராவது க்ளவுன் ட்ரிகர் அழகாக இருக்கிறது என்று காட்டினால் அது கிளாத்தி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கிளாத்தி வலையையே கடித்து அறுக்கும், உங்கள் நத்தையும் இறாலும் எந்த மூலைக்கு.

இரண்டாவது, பாறையும் பவளமும். பாரில் (கடலடிப் பவளப் பாறை) இருந்து கல் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். பூங்காவுக்கு வெளியே எடுத்தாலும் கல் பவளம் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, அதாவது கடும் பாதுகாப்பு உள்ள பட்டியல், கடல்குதிரைக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உயிரோடு இருந்தாலும் செத்த கல்லாக இருந்தாலும் வழக்கு ஒன்றுதான். வழக்கை விடுங்கள், ஒரு முழம் முருகைக்கல் வளர எத்தனை வருடம் ஆகும்! அதில்தான் எங்கள் மீன் குஞ்சு எல்லாம் வளர்கிறது. நீங்கள் செயற்கைப் பாறை வைத்தது ரொம்பச் சந்தோசம். பவளம் வாங்கும்போதும் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டுதானா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

க்ளவுனும் குஞ்சு பொரித்து வளர்த்ததாகவே எடுங்கள். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் அதைப் பண்ணிக்காட்டியிருக்கிறார்கள். வளர்ப்புக் குஞ்சு குருணைத் தீனியை முதல் நாளே தின்னும், கடலில் பிடித்தது போல அலைக்கழிக்காது.

பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். எம்பரர், லயன், பவுடர் ப்ளூ, டோமினோ நான்கையும் அடித்துவிட்டேன். மாண்டரின் அடுத்த வருடம். இப்போது வைத்திருப்பது: முதலில் க்ளவுன் ஜோடியும் ஃபயர்ஃபிஷ் ஒன்றும், ஒரு வாட்ச்மேன் கோபியும் பிஸ்டல் இறாலும். இரண்டு மாதம் கழித்து ஆந்தியாஸ் ஐந்து, அம்மா பகலில் வீட்டில் இருப்பதால் தீனி போட்டுவிடுவார்கள். கடைசியில் மஞ்சள் டாங், டோரி, ஃபாக்ஸ்ஃபேஸ் மூன்றும் சேர்த்து. காப்பர்பேண்ட் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லையே? அய்ப்டேசியா (தொட்டியில் பரவித் தொல்லை தரும் சின்ன அனிமோன்) தின்னும் என்று சொல்லித்தான் அதை எழுதினேன்.

பாளைநீலம்:

அய்ப்டேசியா வந்தபிறகு யோசிக்கலாம் தம்பி, இப்போது உங்களிடம் ஒன்றும் இல்லையே. காப்பர்பேண்ட் தீனி எடுப்பது பெரும்பாடு. வாங்குவதானால் கடையில் உங்கள் கண்முன் உறைந்த மைசிஸ் (இறால் போன்ற பொடித் தீனி) போடச் சொல்லுங்கள், கொத்தித் தின்றால் எடுங்கள், முகர்ந்துவிட்டுத் திரும்பினால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். டோரிக்கும் அதேதான். ரொம்பப் பொடியாக இருப்பதை எடுக்காதீர்கள், வயிறு ஒட்டியிருந்தால் தேறாது. மூன்று அங்குலமாவது இருக்கட்டும்.

அம்பை_தாமிரம்:

மூன்று பெரிய மீனையும் ஒரே நேரத்தில் இரண்டரை அடித் தனித்தொட்டியில் வைக்க முடியாது தம்பி, அதற்கு மூன்றரை அடியாவது வேண்டும். என்னிடம் பழையது ஒன்று மாடியில் சும்மா கிடக்கிறது, சிலிக்கான் மட்டும் புதிதாகப் போட வேண்டும். அம்பாசமுத்திரம் வந்து எடுத்துக்கொள்வதென்றால் இங்கேயே சொல்லுங்கள்.