பர்வெல் ஃபென்னில் ஆந்தைகள் வேட்டையாடுவதைப் பார்க்க: எங்கே நிற்பது, எப்போது நிற்பது

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில், விக்கன் ஃபென்னை ஒட்டிய பர்வெல் ஃபென் என்னும் சதுப்புநிலத்துக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது புல்லைத்தான். தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆந்தைக்கு வேலை இல்லை. வெட்டாமல், கால்நடை அதிகம் மேயாமல், கற்றை கற்றையாகச் சாய்ந்து கிடக்கும் பழம்புல்லில்தான் வோல் என்கிற குட்டைவால் எலி இருக்கும். பாதையோரமாகவே குனிந்து ஒரு கற்றையை விலக்கிப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்தில் ஓடுபாதை, கடித்துப் போட்ட புல் துண்டுகள், பச்சைப் புழுக்கைக் குவியல் மூன்றும் இருந்தால் அந்த இடத்தை விடாதீர்கள். வோல் எண்ணிக்கை 3, 4 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். போன குளிரில் குட்டைக்காது ஆந்தைகள் நிறைய இருந்த இடம் இந்தக் குளிரில் வெறிச்சோடுவது பெரும்பாலும் இதனால்தான்.

---

நேரம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். குட்டைக்காது ஆந்தைகள் அக்டோபர், நவம்பரில் ஸ்காண்டிநேவியா பக்கமிருந்து வந்து மார்ச் வரை தங்கும். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் ஒன்றரை மணிக்கே இடம் பிடித்துவிடுங்கள். சூரியன் தென்மேற்கில் இறங்கும். அதை முதுகில் வைத்து நின்றால்தான் மஞ்சள் கண்ணும் இறக்கையின் கரும்புள்ளியும் தெரியும். லோட் என்னும் கால்வாய்களின் கரை சுற்றுநிலத்தைவிட உயரம் என்பதால் பார்வை தூரம் போகும். 8x42 பைனாகுலர் போதும்.

காற்று பலமாக இருந்தால் திரும்பிவிடலாம். சலசலப்பில் எலியின் சத்தம் ஆந்தைக்குக் கேட்காது. வெண்கூகைக்கு மழையும் ஆகாது, இறகு சீக்கிரம் நனைந்து ஊறிவிடும். இரண்டு நாள் மழை விட்டபின் வரும் அமைதியான பிற்பகல்தான் அருமையான நேரம்: பசியில் வெளிச்சத்திலேயே வரும், வாய்க்கால் ஓரமாகத் தாழ்ந்து பறக்கும்.

---

கெஸ்ட்ரல் என்கிற சிறு வல்லூறையும் கவனியுங்கள். குட்டைக்காது ஆந்தை எலியோடு எழும்பியதும் கெஸ்ட்ரல் கீழிருந்து பாய்ந்து எலியைப் பறிக்கப் பார்க்கும். இரண்டும் நகம் கோத்துச் சுழலும் அந்த நொடியைப் பார்க்கவே காத்திருக்கலாம்.

தயவுசெய்து படத்துக்காகப் புல்லுக்குள் இறங்காதீர்கள். குட்டைக்காது ஆந்தை பகலில் தரையில்தான் படுத்திருக்கும். எழுப்பிவிட்டால் காகங்கள் துரத்தும், வேட்டை நேரம் வீணாகும். வேலிக் கம்பம் தெரியும்படி பாதையிலேயே அசையாமல் நில்லுங்கள், ஆந்தை தானாக அதில் வந்து உட்காரும்.